யூத் ஆர்கெஸ்ட்ராவ வெளிநாட்டு டூர் கூட்டிட்டு போறீங்களா? மேடைக்கு முந்தின நாலு மணி நேரத்துல இருந்து பிளான் போடுங்க

முதல்ல நடந்தது ஒண்ண சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன். நான் பொறுப்பா கூட போன முதல் டூர்ல மூணாவது கச்சேரி, 70 பசங்க, சாயந்திரம் ஏழரைக்கு மேடை. நாலு மணிக்கு ஹாலுக்கு போயிடுவோம்னு தாள்ல எழுதி வெச்சிருந்தேன். வழியில ஒரு பழைய கோட்டைய பார்த்துட்டு போலாம்னு சேர்த்ததும் நான்தான். டிராஃபிக், பார்க்கிங், ஒரு பையன் எங்கயோ விட்டுட்டு வந்த ஜாக்கெட்ட தேடினதுன்னு எல்லாம் சேர்ந்து ஹால் வாசல்ல இறங்குறப்போ மணி ஆறே முக்கால். மத்தியானம் சாப்பிட்டதோட சரி, யாருக்கும் வயித்துல ஒண்ணும் இல்ல. சிம்ஃபொனியோட ரெண்டாவது மூவ்மெண்ட்ல, அதாவது ரெண்டாவது பகுதியில, தனியா ஆரம்பிக்க வேண்டிய ஹார்ன் பொண்ணு, ஆறு மாச ரிகர்சல்ல ஒரு தடவ கூட சறுக்காதவ, முதல் நோட்டுலயே பிசிறிட்டா. வாத்தியம் பஸ்ஸுக்கு அடியில சில்லுனு கிடந்துச்சு, அத ஊதி சூடு பண்ண அவளுக்கு பத்து நிமிஷம் கூட கிடைக்கல. கச்சேரி முடிஞ்சதும் எங்கிட்ட வந்து சாரி சொன்னா. சாரி சொல்லியிருக்க வேண்டியது நான்.

அதுக்கப்புறம் எந்த டூர் போட்டாலும் நான் ஒரே இடத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறேன், கச்சேரிக்கு முன்னாடி இருக்கிற அந்த நாலு மணி நேரம். பஸ்ல இருந்து இறங்கி, வாத்தியத்த வெளிய எடுத்து, மேடையில உக்காந்து ஒரு மணி நேரம் வாசிச்சு பார்த்து, சாப்பிட்டு, கொஞ்சம் சும்மா உக்காந்து, டிரஸ் மாத்தி, மேடை ஏறணும். இந்த நேரத்த யாரும் தொடக்கூடாது. எந்த ஊர், எந்த ஃபிளைட், எந்த ஹோட்டல், என்ன பாட்டு, எவ்வளவு பணம்னு மத்த எல்லாத்தையும் இதுல இருந்து பின்னாடி கணக்கு போட்டு வரணும். கீழ சொல்லப்போறது எல்லாமே அந்த கணக்குதான்.

எப்போ ஆரம்பிக்கணும்னா, பதினெட்டு மாசம் முன்னாடி. ரெண்டு வருஷம் கிடைச்சா இன்னும் நல்லது. நல்ல ஹால் எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேலயே புக் ஆகிடும், வீட்டுல பணம் சேர்க்கவும் டைம் வேணும். முதல் கேள்வி எந்த நாடுங்கறது இல்ல, நம்மள யார் கூப்பிடுறாங்கங்கறதுதான். மூணு வழி இருக்கு. ஒண்ணு, ஃபெஸ்டிவல். பெர்லின்ல கொன்சர்ட்ஹவுஸ்ங்கற ஹால்ல 2000-த்துல இருந்து நடக்கிற யங் யூரோ கிளாசிக் மாதிரி இளைஞர் ஆர்கெஸ்ட்ராக்களுக்குன்னே இருக்கிற ஃபெஸ்டிவல்ல இடம் கிடைச்சா ஹால், ஆடியன்ஸ், விளம்பரம் எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க, ஆனா அங்க நாடு நாடா வர்ற டீம்களோட தரம் ரொம்ப உயரம். ரெண்டாவது, அந்த ஊர்ல இருக்கிற இன்னொரு யூத் ஆர்கெஸ்ட்ரா. நீங்க போறீங்க, அடுத்த வருஷம் அவங்க வர்றாங்க, டிம்பனியும் (பெரிய பானை மாதிரி டிரம்) டபுள் பாஸும் (வயலின் மாதிரியே, ஆனா ஆள் உயரத்துக்கு) கடன் தர்றாங்க, பசங்க அவங்க வீடுகள்ல தங்கலாம். முதல் டூருக்கு என் ஓட்டு இதுக்குத்தான், ஏன்னா ஹால் நிறையும். உள்ளூர் பசங்களும் சேர்ந்து ஒரு பீஸ் வாசிச்சா அவங்க அம்மா அப்பா, தாத்தா பாட்டி எல்லாம் வந்து உக்காருவாங்க. மூணாவது, டூர் கம்பெனி. பணம் அதிகம், தலைவலி கம்மி, ஆனா அவங்க காட்டுற அட்டவணைய அப்படியே ஒத்துக்காதீங்க. ஊர் சுத்தி பார்க்கிறது நிறைய இருக்கும், அந்த நாலு மணி நேரம் ரெண்டா சுருங்கி இருக்கும். இன்னொண்ணு, ஹால கொடுக்கிறவங்க வேற, ஆடியன்ஸ வரவழைக்கிறவங்க வேற. யார் போஸ்டர் ஒட்டுவாங்க, யார் டிக்கெட் விப்பாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. காலி நாற்காலிகளுக்கு முன்னாடி வாசிக்க வெச்சா பசங்க மனசு விட்டுடுவாங்க.

எத்தன நாள், எத்தன கச்சேரி? பத்து பன்னெண்டு நாளுக்கு நாலு கச்சேரி, மிஞ்சி போனா அஞ்சு. தொடர்ந்து மூணு நாள் கச்சேரி வேண்டவே வேண்டாம், குறிப்பா பிராஸ் (ஹார்ன், டிரம்பெட் மாதிரி உலோக ஊது வாத்தியம்) வாசிக்கிறவங்களுக்கு உதடு தாங்காது. நாலஞ்சு மணி நேர வித்தியாசம் இருக்கிற நாட்டுக்கு போனா இறங்கின நாளும் அடுத்த நாளும் கச்சேரி கூடாது. கிழக்கு பக்கமா போறப்போ தூக்கம் செட் ஆக இன்னும் நாள் எடுக்கும்.

அடுத்தது பாட்டு. பெரும்பாலானவங்க கண்டக்டர் ஆசைப்பட்ட சிம்ஃபொனிய முடிவு பண்ணிட்டு அப்புறமா அத எப்படி தூக்கிட்டு போறதுன்னு யோசிக்கிறாங்க, நான் சொல்றது தலைகீழ். ரெண்டு ஹார்ப், செலஸ்டா (மணி மாதிரி ஒலிக்கிற கீபோர்டு), எட்டு பெர்கஷன் (தட்டி வாசிக்கிற வாத்தியம்)னு கேக்குற பீஸா இருந்தா அது ஒவ்வொரு ஊர்லயும் வாடகைக்கு கிடைக்கணும், ஒவ்வொரு மேடையிலயும் இடம் இருக்கணும். ஒரு கான்செர்ட் ஹார்ப்னா 47 தந்தி, நாப்பது கிலோ பக்கம் வரும், அத யாரும் ஃபிளைட்ல கையோட கொண்டு போறது இல்ல. ரெண்டு புரோகிராம் தயார் பண்ணுங்க, போதும். ஒண்ணு பெரிய ஹாலுக்கு, ஒண்ணு சர்ச்சுக்கு. கல்லால கட்டின பெரிய சர்ச்ல சத்தம் நாலஞ்சு செகண்ட் நின்னு ஒலிக்கும், வேகமா ஓடுற பீஸ் அங்க குழம்பிப் போயிடும், மெதுவா விரியுற பீஸ் அவ்ளோ அழகா இருக்கும். என்கோருக்கு, அதாவது கைதட்டு நிக்காம கேட்டா கடைசியில வாசிக்க, ஒண்ணு கண்டிப்பா வேணும், அது உங்க ஊர் மண்ணோட இசையா இருக்கட்டும், வேற யாரும் அத அவங்களுக்கு கொண்டு போய் குடுக்க முடியாது.

நோட்ஸ் விஷயம் ஒண்ண நிறைய பேர் கோட்ட விடுறாங்க. காப்பிரைட் நாட்டுக்கு நாடு மாறும். ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் 1957-ல இறந்தார். இறந்து 60 வருஷம்னு கணக்கு வெச்சிருக்கிற நாட்டுல அவர் எழுதினது 2018-லயே எல்லாருக்கும் பொதுவாயிடுச்சு, ஆனா 70 வருஷம் கணக்கு போடுற ஐரோப்பிய யூனியன் நாடுகள்ல 2027 கடைசி வரைக்கும் உரிமை இருக்கு. உங்க ஊர்ல ஃப்ரீயா டவுன்லோட் பண்ணின பார்ட்ட (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி நோட்ஸ்) எடுத்துட்டு அங்க போய் வாசிச்சா சிக்கல். வாடகைக்கு எடுத்த பார்ட்டா இருந்தா வெளிநாட்டு கச்சேரிக்கு தனியா பப்ளிஷர்கிட்ட அனுமதி கேக்கணும். மேடையில வாசிக்கிறதுக்கான லைசென்ஸ் பணம் வழக்கமா அங்க கச்சேரி நடத்துறவங்க கட்டுவாங்க, ஆனா அதையும் ஒப்பந்தத்துல ஒரு வரியா போட்டுக்கோங்க.

ஹால்கிட்ட கேக்க வேண்டிய முதல் விஷயம் எத்தன சீட்டுங்கறது இல்ல, மேடையோட அகலம் ஆழம் எத்தன மீட்டர்ங்கறது. ஹால் டிசைன் பண்றவங்க வெச்சிருக்கிற கணக்கு ஒண்ணு இருக்கு: வயலினுக்கும் சின்ன விண்டு (ஊதுற) வாத்தியத்துக்கும் ஆளுக்கு ஒண்ணே கால் சதுர மீட்டர், செல்லோவுக்கும் பெரிய விண்டுக்கும் ஒன்றரை, டபுள் பாஸுக்கு 1.8, டிம்பனிக்கு பத்து, மத்த பெர்கஷனுக்கு இன்னொரு இருபது. ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க, 75 பேர்னா கண்டக்டரையும் சேர்த்து 130 சதுர மீட்டர்கிட்ட வந்து நிக்கும். அவ்ளோ மேடை இல்லாத இடத்துக்கு சின்ன புரோகிராம் போடுங்க, நெருக்கி உக்காத்தி வெச்சா வில்லு ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், யாராலயும் முழுசா இழுத்து வாசிக்க முடியாது. அப்புறம் நாற்காலி (கைப்பிடி இல்லாதது), ஸ்டாண்டு, ஸ்டாண்டு லைட், செல்லோவ ஊணி நிறுத்துற கீழ்க் கம்பி வழுக்காத தரை, டிரஸ் மாத்த ரூம், வாத்தியப் பெட்டிய பூட்டி வைக்க ஒரு ரூம். ஃபோட்டோ வாங்குங்க, வீடியோ கால்ல ஒருத்தர நடந்து காட்ட சொல்லுங்க.

வாடகை வாத்தியத்துல ரெண்டு சின்ன விஷயம், சின்னதுதான் ஆனா அன்னிக்கு உயிர வாங்கும். டிம்பனிய ஜெர்மன் ஸ்டைல்ல பெரிய டிரம் வலது பக்கம் வெப்பாங்க, மத்த நிறைய இடத்துல இடது பக்கம். பெடலோட அமைப்பும் வேற வேற. உங்க பையன் எதுல பழகினானோ அத கேட்டு வாங்குங்க. டபுள் பாஸ் வில்லுலயும் பிரெஞ்சு பிடி, ஜெர்மன் பிடின்னு ரெண்டு உண்டு, அதனால பாஸ அங்க வாடகைக்கு எடுத்தாலும் வில்ல கண்டிப்பா கையோட கொண்டு போகணும். சுருதியும் கேட்டுக்கோங்க. ஐஎஸ்ஓங்கற சர்வதேச தர அமைப்போட கணக்குல ஏ-ங்கற நோட்டு 440 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவுல பல ஆர்கெஸ்ட்ராக்கள் 442, 443-ல வாசிப்பாங்க. அங்க இருக்கிற பியானோவும் மணி வாத்தியங்களும் அந்த சுருதியில இருந்தா உங்க ஓபோ பொண்ணு ஒரு மாசம் முன்னாடியே அதுக்கு ரீட் (ஊதுற இடத்துல வெக்கிற நாணல் துண்டு) செஞ்சு பழகணும்.

இப்போ வாத்தியங்களோட பயணம். இதுக்கு நான் நிறைய இடம் எடுத்துக்கிறேன், ஏன்னா டூர் கெட்டுப் போற இடம் பெரும்பாலும் இதுதான்.

முதல்ல லிஸ்ட். ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு வில்லும் தனி வரி, மேக், சீரியல் நம்பர், எந்த வருஷம் செஞ்சது, என்ன மதிப்பு, என்னென்ன பொருள்ல செஞ்சது, ஃபோட்டோ. இந்த ஒரு லிஸ்ட்தான் இன்சூரன்ஸுக்கும் கஸ்டம்ஸுக்கும் பாஸ்போர்ட் மாதிரி. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான்னு நிறைய நாடு ஒத்துக்கிற ஏடிஏ கார்னேன்னு ஒரு டாக்குமெண்ட் இருக்கு, 1961 ஒப்பந்தத்துல வந்தது, வழக்கமா உங்க நாட்டு வர்த்தக சபை மாதிரி அமைப்பு குடுக்கும், ஒரு வருஷம் வரைக்கும் செல்லும். பொருள விக்கறதுக்கு கொண்டு வரல, திரும்ப எடுத்துட்டு போயிடுவோம்னு அதுதான் உறுதி குடுக்குது, அதனால வரி கட்ட வேண்டாம், ஆனா அத வாங்க ஒரு டெபாசிட்டோ கேரண்டியோ கேப்பாங்க. எல்லா பசங்களும் சொந்த வாத்தியத்த கையோட தூக்கிட்டு போனா பல நாட்டுல கார்னே இல்லாமயே விட்டுடுவாங்க. மொத்தமா சரக்கா அனுப்பினா, இல்ல ஆர்கெஸ்ட்ராவோட விலை உயர்ந்த வாத்தியம் இருந்தா, வாங்கிடுறது நல்லது. வாங்கினா கிளம்புறப்போ, இறங்குறப்போ, திரும்புறப்போன்னு ஒவ்வொரு பார்டர்லயும் சீல் வாங்கியே ஆகணும், ஒரு சீல் விட்டுப் போனாலும் வரிய உங்ககிட்ட கேப்பாங்க. கஸ்டம்ஸ் ஆபீஸ் ராத்திரி ரெண்டு மணிக்கு திறந்திருக்காது, அதனால நடுராத்திரி ஃபிளைட் சீப்பா இருக்குன்னு போடாதீங்க.

அடுத்தது சைட்டிஸ். அழியும் நிலையில இருக்கிற உயிரினங்கள், மரங்கள் பத்தின சர்வதேச ஒப்பந்தம். பழைய வில்லோட முனையில யானைத் தந்தம் இருக்கலாம், அடிப்பிடியில ஆமை ஓடு இருக்கலாம், பழைய கிட்டார்ல பிரேசில் ரோஸ்வுட் இருக்கலாம், அது 1992-ல இருந்தே ரொம்ப கடுமையான பட்டியல்ல இருக்கு. 2014-ல நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்ல புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களோட ஏழு வில்ல தந்தம்னு சந்தேகப்பட்டு பிடிச்சு வெச்சாங்க, அவ்ளோ பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கே அந்த கதி. மத்த ரோஸ்வுட் வகைகளும் 2017-ல பட்டியல்ல வந்துச்சு, அப்புறம் 2019 நவம்பர்ல இருந்து செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு விலக்கு குடுத்துட்டாங்க, கிளாரினெட், ஓபோ வழக்கமா செய்யுற கருப்பு மரமும் அந்த வகைதான், அதனால உங்க கிளாரினெட், ஓபோ பசங்க அந்த விஷயத்துல நிம்மதியா இருக்கலாம். தந்தம் இருக்குமோன்னு சந்தேகமா இருந்தா வாத்தியத்துக்குன்னே ஒரு சர்டிஃபிகேட் இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் செல்லும், ஆனா வாங்கவே மாசக்கணக்குல ஆகும். என் முடிவு எப்பவும் ஒண்ணுதான், தாத்தா காலத்து வில்ல வீட்டுல வெச்சுட்டு கார்பன் ஃபைபர் வில்லோட வா. பழைய வில்லோட சத்தம் வேறதான், ஒத்துக்கிறேன், ஆனா ஒரு பதினஞ்சு வயசு பொண்ணு ஏர்போர்ட்ல வில்ல பறிகொடுத்துட்டு நிக்கிறத பார்க்க எனக்கு மனசு வராது.

ஃபிளைட்டுக்குள்ள வயலினும் வியோலாவும் கையோட. அமெரிக்காவுல 2012 சட்டப்படி சின்ன வாத்தியத்துக்கு மேல ரேக்ல இடம் இருந்தா ஏர்லைன் கேபின்ல விட்டே ஆகணும், ஆனா இடம் இருந்தாங்கறத கவனிங்க, அதனால வயலின் பசங்க முதல்ல ஏறணும். செல்லோவுக்கு தனி சீட்டு வாங்கணும், ஏஜெண்ட்டுகிட்ட சிபிபிஜின்னு (சீட்டுல வெக்கிற பொருளுக்கான ஏர்லைன் கோட்) சொன்னா புரியும், ஆன்லைன்ல பயணி பேர்ல செல்லோன்னு போட்டு நீங்களே புக் பண்ணாதீங்க, கவுண்டர்ல மாட்டிப்பீங்க. ஜன்னல் சீட்டுதான் குடுப்பாங்க. ஒரே ஃபிளைட்ல எத்தன செல்லோ ஏத்துவாங்கன்னு ஏர்லைனுக்கு ஏர்லைன் மாறும், எட்டு செல்லோன்னா ரெண்டு மூணு ஃபிளைட்டா பிரிய வேண்டி வரலாம். பணம் பத்தலைன்னா ரெண்டே வழி, நல்ல ஃபிளைட் கேஸ்ல கீழ போடுறது, இல்ல அங்க வாடகைக்கு எடுக்கிறது. செல்லோவோட கீழ்க் கம்பிய கழட்டி கீழ போற பெட்டியில வைங்க, ஓபோ பசங்களோட ரீட் சீவுற கத்தியும் அங்கதான், செக்யூரிட்டியில பிடுங்கினா நல்ல கத்தி திரும்ப கிடைக்காது. வால்வ் ஆயில்ல தீப்பிடிக்கிற வகையும் இருக்கு, அங்க போய் வாங்கிக்கலாம்.

ஒரு தடவ கீழ போட்ட செல்லோ ஒண்ண ஹோட்டல் லாபியில திறந்தோம். பெட்டிக்கு வெளிய ஒரு கீறல் கூட இல்ல. மூடிய தூக்குறப்பவே உள்ள ஏதோ உருளுற சத்தம் கேட்டுச்சு. தந்தி நாலும் தொங்கிட்டு இருக்கு, பிரிட்ஜ் (தந்திய தாங்குற மரத் துண்டு) சாஞ்சு கிடக்கு, உருண்டது சவுண்ட் போஸ்ட், உள்ள நிக்க வேண்டிய அந்த விரல் தடிமன் குச்சி. அந்த பையன் பேசவே இல்ல, பெட்டி பக்கத்துல தரையில உக்காந்து தந்திய தொட்டுட்டே இருந்தான். பத்திரமா இருக்கணும்னு தந்திய மொத்தமா தளர்த்தி வெச்சது அவனேதான், நாங்க யாரும் அவனுக்கு சொல்லிக் குடுக்கல. தந்திய அரை, முக்கால் சுருதி இறக்கினா போதும், முழுசா விட்டா உள்ள இருக்கிற குச்சிய பிடிச்சு நிறுத்த அழுத்தமே இருக்காது, விழுந்துடும். பிரிட்ஜுக்கு ரெண்டு பக்கமும் மெத்துனு துணி வெக்கணும், பெட்டிக்குள்ள வாத்தியம் ஆடாம இருக்க துணி திணிக்கணும். அன்னிக்கு அந்த ஊர் வயலின் ரிப்பேர்காரர் ஒருத்தர் கடைய மூடின பிறகும் வந்து சரி பண்ணி குடுத்தார். அதனால ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ரிப்பேர்காரர் நம்பர கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. கூடவே ஒரு சின்ன பெட்டி: எல்லா வாத்தியத்துக்கும் ரெண்டு செட் தந்தி, ரீட், ஸ்க்ரூ டிரைவர், கார்க் கிரீஸ், ஒரு எக்ஸ்ட்ரா வயலின் வில்லு.

ஈரப்பதம்னு ஒண்ணு இருக்கு. மர வாத்தியத்துக்கு நாப்பதுல இருந்து அறுபது சதவீதம் நல்லது. குளிர் நாட்டுல ஹீட்டர் போட்ட ரூம்ல அது இருபதுக்கு இறங்கும், மரம் வெடிக்கும். பெட்டிக்குள்ள வெக்கிற ஈரப்பதக் குழாய் இருக்கு, வாங்கிக் குடுங்க. வெளிய குளிர்ல இருந்து வந்த உடனே பெட்டிய திறக்காம இருபது முப்பது நிமிஷம் அப்படியே விடணும். குளிர்ல பிராஸ் சுருதி இறங்கும், தந்தி ஏறும், அதனால வந்த உடனே டியூன் பண்றதுல பிரயோஜனம் இல்ல. நாலு மணி நேரத்துல முதல் அரை மணி இதுக்கே போயிடும், அது வீண் இல்ல.

பசங்களோட பேப்பர் விஷயத்த வேகமா சொல்றேன், ஆனா ஒண்ணையும் தாண்டிடாதீங்க. பாஸ்போர்ட் திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் ஆறு மாசம் செல்லணும்னு வெச்சுக்கோங்க. ஷெங்கன் விசான்னா (ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா) ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாளுக்கு முன்னாடி குடுத்தே ஆகணும், குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் வேணும். 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, ஆனா லாப நோக்கமில்லாத அமைப்போட பிரதிநிதியா, அதே மாதிரி அமைப்பு நடத்துற கலை நிகழ்ச்சிக்கு போறவங்களுக்கு 25 வயசு வரைக்கும் விசா ஃபீஸ் கிடையாதுன்னு விசா சட்டத்துலயே இருக்கு. எழுபது பேருக்கு அது பெரிய பணம், அழைப்புக் கடிதத்துல அத தெளிவா எழுத சொல்லுங்க. டிக்கெட் விக்கிற கச்சேரின்னா சில நாட்டுல சுற்றுலா விசா பத்தாது, வாசிக்கிறதுக்கு தனி அனுமதி வேணும், தூதரகத்துல எழுத்துல கேளுங்க. இங்கிலாந்து மாதிரி நாட்டுல பள்ளி வயசு பசங்க மேடை ஏற உள்ளாட்சி லைசென்ஸ் விதி இருக்கு, விலக்கும் இருக்கு, எது உங்களுக்கு பொருந்தும்னு கூப்பிடுறவங்களே விசாரிச்சு சொல்லட்டும். 18 வயசுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு நோட்டரி சீல் வெச்ச சம்மதக் கடிதம், எமர்ஜென்சியில சிகிச்சைக்கு சம்மதம் தனியா. மருந்து விஷயத்துல கவனம், ஒரு நாட்டுல டாக்டர் சாதாரணமா எழுதிக் குடுக்கிறது இன்னொரு நாட்டுல தடை, கவனக் குறைபாட்டுக்கு குடுக்கிற ஆம்ஃபெட்டமின் மருந்த ஜப்பானுக்குள்ள சீட்டு இருந்தாலும் கொண்டு போக முடியாது. ஆறு மாசம் முன்னாடியே பெத்தவங்ககிட்ட கேட்டாதான் டாக்டர்கிட்ட மாத்து வழி பேச டைம் இருக்கும்.

பஸ்ஸ பத்தி யாரும் சொல்லித் தராத ஒண்ணு. ஐரோப்பிய யூனியன் விதிப்படி டிரைவர் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம் (வாரத்துல ரெண்டு நாள் மட்டும் பத்து), நாலரை மணி நேரம் ஓட்டினா முக்கால் மணி நேரம் நிறுத்தணும், வேலை முடிஞ்சதும் வழக்கமா 11 மணி நேரம் ஓய்வு. கணக்கு போடுங்க: கச்சேரி ஒன்பதரைக்கு முடியும், பெட்டி ஏத்தி கிளம்ப பத்தே முக்கால், ஹோட்டல்ல விட பதினொன்றரை. அப்போ அடுத்த நாள் காலையில பத்தரைக்கு முன்னாடி அந்த டிரைவர் வண்டிய தொட முடியாது. காலைல எட்டு மணிக்கு அடுத்த ஊருக்கு கிளம்பலாம்னு அட்டவணையில எழுதினா அது நடக்காத காரியம், இன்னொரு டிரைவருக்கு பணம் குடுக்கணும். எனக்கு அந்த விதி பிடிச்சிருக்கு, ஏன்னா பசங்களும் அதனால நல்லா தூங்குறாங்க. கச்சேரி நாள்ல மூணு மணி நேரத்துக்கு மேல பஸ் பயணம் போடாதீங்க, ஊர் சுத்துறதுக்கு கச்சேரி இல்லாத நாள் இருக்கு. பஸ்ஸுக்கு அடியில எத்தன செல்லோ பெட்டி போகும்னு அளந்து கேளுங்க, 50 சீட்டு பஸ்ல 50 பேரும் சூட்கேசும் வாத்தியமும் போகாது, தனியா ஒரு வேன் வேணும்.

கச்சேரி நாள் அட்டவணை நான் இப்படித்தான் போடுவேன், ஏழரை மணி மேடைன்னா: மூணு மணிக்கு பெரியவங்க ரெண்டு பேரும் பெரிய பசங்க ஆறு பேரும் முன்னாடியே போய் நாற்காலி போடுறாங்க, மூணரைக்கு எல்லாரும் வந்துடுறாங்க, நாலேகால்ல இருந்து அஞ்சரை வரைக்கும் மேடையில ரிகர்சல். முழுசா வாசிக்க வேண்டாம், ஆரம்பம், முடிவு, ஒருத்தர ஒருத்தர் கேக்க கஷ்டமான இடம், சோலோ, அவ்வளவுதான். அஞ்சரைக்கு சூடா சாப்பாடு, ஹாலுக்கே வரணும், வெளிய கூட்டிட்டு போனா திரும்பி வரவே ஒரு மணி நேரம். ஆறரைல இருந்து ஏழு வரைக்கும் யாரும் எதுவும் பேச வேண்டாம், கண்டக்டர் கூட. அந்த அரை மணி நேரத்துல சில பசங்க சுவத்துல சாஞ்சு கண்ண மூடிட்டு இருப்பாங்க, ஹார்ன் பசங்க ஒரு மூலையில மெதுவா நீளமா ஒரே நோட்ட ஊதிட்டு இருப்பாங்க. கட்டடம் முழுக்க அந்த சத்தம் மட்டும் கேக்கும். எந்த டூர்லயும் எனக்கு ரொம்ப பிடிச்ச நேரம் அதுதான்.

பணத்துக்கு வருவோம். ஃபிளைட், செல்லோ சீட்டு, தங்குற இடம், பஸ், சாப்பாடு, வாத்திய வாடகை, இன்சூரன்ஸ், விசா, கண்டக்டர், கூட வர்ற பெரியவங்களோட செலவு. எல்லாத்தையும் கூட்டி மேல பத்து சதவீதம் வைங்க, கரன்சி ஏறினாலே அதுல பாதி போயிடும். வெளிநாட்டுல கச்சேரிக்கு பணம் குடுத்தா அந்த நாடு அதுல வரி பிடிக்கும், ஜெர்மனியில 15 சதவீதமும் அது மேல ஒரு சின்ன கூடுதலும் சேர்ந்து 15.825, அமெரிக்காவுல 30 வரைக்கும். விலக்கு கேக்க முடியும், ஆனா கச்சேரிக்கு முன்னாடியே கேக்கணும். ஃபீஸா வாங்காம தங்குற இடம், சாப்பாடு, உள்ளூர் பஸ்ஸ அவங்களே பார்த்துக்கட்டும்னு பேசினா வேலை சுலபமா முடியுது, ஆனா சில நாடு அதையும் வருமானமா பார்க்கும், அங்க இருக்கிற கணக்காளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே தொகை சொல்லுங்க, செல்லோ வாசிக்கிறவன் வீட்டுல ரெண்டு டிக்கெட் பணம் கேக்காதீங்க, அது மொத்த ஆர்கெஸ்ட்ராவோட செலவு. கட்ட முடியாத வீடு இருக்கும், அதுக்கு தனியா ஒரு நிதி முதல்லயே ஒதுக்குங்க, யார் அதுல வர்றாங்கன்னு ஒரே ஒருத்தருக்கு மேல தெரியக்கூடாது. பணம் இல்லாததால நல்லா வாசிக்கிற ஒரு பையன் வீட்டுல நின்னுட்டா அது நம்ம பிளான்ல இருக்கிற ஓட்டை.

கூட வர்ற பெரியவங்க பத்து பசங்களுக்கு ஒருத்தர், பதிமூணு வயசுக்கு கீழ நிறைய இருந்தா ஆறுக்கு ஒருத்தர். அதுல ஒருத்தர் நர்ஸோ டாக்டரோ, ஒருத்தருக்கு வாத்தியம் ரிப்பேர் தெரிஞ்சிருக்கணும், ஒருத்தருக்கு எந்த வேலையும் குடுக்காம வைங்க. யாராவது ஆஸ்பத்திரிக்கு போகணும்னா அவர் கூட போவார், டூர் நிக்காது. ரொம்ப முக்கியம் அது. ஒவ்வொரு சோலோவுக்கும் இன்னொருத்தர் பழகி இருக்கணும், ஏன்னா பத்து நாள்ல யாருக்காவது காய்ச்சல் வரும், வந்தே தீரும். வந்தவங்கள மேடைக்கு இழுக்காதீங்க. பஸ்ல ஏறுறப்போ தலைய எண்ணுறது எல்லாரும் பண்றதுதான், கூடவே பெட்டியையும் எண்ணுங்க, அவங்கவங்க வாத்தியத்த தொட்டு நம்பர் சொல்லணும். கச்சேரி டிரஸ்ஸயும் கருப்பு ஷூவையும் கைப்பையில கொண்டு வர சொல்லுங்க, கீழ போட்ட சூட்கேஸ் ஒரு நாள் லேட்டா வந்தாலும் கச்சேரி நடக்கும்.

திரும்பி வர்ற நாள் எல்லாருக்கும் களைப்பு, அங்கதான் தப்பு நடக்கும். ஏர்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வெச்சு போங்க, பெட்டிய செக் இன் பண்றதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல கார்னே சீல் வாங்குங்க, ஏன்னா வாத்தியத்த பார்க்காம அவங்க போட மாட்டாங்க, பெட்டி கீழ போயிட்டா காட்ட முடியாது. ஊர் வந்து இறங்கினதும் இன்னொரு சீல், அப்புறம் அந்த புக்க வாங்கின இடத்துலயே திருப்பிக் குடுத்தாதான் டெபாசிட் வெளிய வரும். வீட்டுக்கு போன உடனே தந்திய ஏத்தாம ஒரு நாள் வாத்தியத்த பெட்டிக்குள்ளயே விட்டு வைக்க சொல்லி பசங்களுக்கு மெசேஜ் போடுங்க, அடுத்த நாள் ரெண்டு மூணு தடவையா கொஞ்சம் கொஞ்சமா சுருதி ஏத்தட்டும்.